வைஃபை மந்தமா, நெட் மந்தமா? லெப்டொப்பில் வேகம் குறையும்போது எங்கே தேடுவது

கொழும்பில் ஒரு வீட்டில் நெட் மந்தமானால் பெரும்பாலும் முதலில் நடப்பது பக்கேஜ் மாற்றம்தான். மாதாமாதம் கூடுதலாகக் கட்டி ஒரு படி பெரிய பக்கேஜுக்குப் போவார்கள். பின் அறையில் இருக்கும் பிள்ளையின் லெப்டொப்பில் ஸூம் வகுப்பு அப்போதும் நின்று நின்றுதான் வரும். வாசல் வரைக்கும் வேகம் சரியாக வந்துகொண்டிருக்கும்போது அதை இன்னும் கூட்டினாலும் பின் அறைக்கு எதுவும் கூடுதலாகப் போய்ச் சேராது. ஆகவே காசு செலவழிக்க முன், வேகம் எந்த இடத்தில் தொலைகிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு ஒரு கேபிளும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இணையம் உங்கள் லெப்டொப்புக்கு இரண்டு கட்டமாக வருகிறது. முதலாவது, சேவை நிறுவனத்திலிருந்து உங்கள் ரௌட்டர் வரை. இது ஃபைபராக இருக்கலாம், பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியாக இருக்கலாம், 4ஜி கோபுரத்திலிருந்து வரும் அலையாகவும் இருக்கலாம். இரண்டாவது, ரௌட்டரிலிருந்து லெப்டொப் வரை. வைஃபை என்பது இந்த இரண்டாவது கட்டம் மட்டும்தான். நாம் இரண்டையும் சேர்த்து 'நெட்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டில் எது மந்தமோ அந்த வேகம்தான் உங்கள் கைக்கு வரும்.

பிரித்துப் பார்க்கும் வழி இதுதான். ரௌட்டரின் பின்னால் உள்ள லான் துளையிலிருந்து ஒரு கேபிளை நேராக லெப்டொப்பில் செருகுங்கள். லெப்டொப்பின் வைஃபையை அணைத்துவிட்டு வேகத்தை அளந்து பாருங்கள். பிறகு கேபிளைக் கழற்றி, வைஃபையைப் போட்டு, அதே இடத்தில் ஒருமுறையும் நீங்கள் வழக்கமாக இருக்கும் இடத்தில் ஒருமுறையும் அளவெடுங்கள். கேபிளில் பக்கேஜ் வேகம் வந்து வைஃபையில் விழுந்தால் கோளாறு வீட்டுக்குள். கேபிளிலேயே வரவில்லை என்றால் ரௌட்டரிலோ அதற்கு அப்பாலோ. மெல்லிய புது லெப்டொப்களில் லான் துளை இருக்காது. யூஎஸ்பியில் செருகும் சிறிய லான் அடெப்டர் ஒன்று வேண்டும். கேபிளிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் நான்கு மட்டும் ஒழுங்காக இணைந்திருந்தால் அது 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது. கேட் 5ஈ அல்லது கேட் 6 என்று மேலே அச்சிட்ட கேபிளாக எடுங்கள்.

வேகம் அளக்கும் தளங்கள் டேட்டாவைத் தின்னும் என்பதையும் மனதில் வையுங்கள். 100 மெகாபிட் வேகத்தில் பத்து விநாடி அளந்தாலே 125 மெகாபைட் போய்விடும். அளவுக்கட்டுப்பாடு உள்ள பக்கேஜ் என்றால் ஆசைக்கு அடிக்கடி அளக்க வேண்டாம்.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பக்கேஜில் 100 என்று போட்டிருப்பது விநாடிக்கு 100 மெகாபிட். பைல் தரவிறங்கும்போது பிரௌசர் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வராது. 11 என்று பார்த்துவிட்டு நிறுவனம் ஏமாற்றுகிறது என்று கோபப்படுபவர்களுக்கு உண்மையில் கிட்டத்தட்ட முழு வேகமும் வந்துகொண்டிருக்கிறது. இன்னொன்று, நமக்குத் தேவையான வேகம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஃபுல் எச்டி படம் பார்க்க 5 மெகாபிட்டும் 4கே படத்துக்கு 15 மெகாபிட்டும் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. ஒரு ஸூம் வகுப்புக்கு, ஆடாமல் அசையாமல் வரும் 5 மெகாபிட் தாராளம். அப்படி ஆடாமல் வர வைப்பதுதான் சிரமம்.

வைஃபை உண்மையில் என்ன வேகத்தில் ஓடுகிறது

டாஸ்க் பாரில் தெரியும் வைஃபை கோடுகளை நம்பாதீர்கள். சிக்னல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை அது பொதுவாகச் சொல்லும், அவ்வளவுதான். விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை என்று போய், இணைந்திருக்கும் வைஃபையின் புரொப்பர்ட்டீஸைத் திறந்தால் கீழே ஒரு சிறு பட்டியல் வரும். அதில் மூன்று வரிகள் முக்கியம். 'லிங்க் ஸ்பீட்', லெப்டொப்பும் ரௌட்டரும் அந்த நேரத்தில் எந்த வேகத்தில் ஒத்துப்போயிருக்கின்றன என்பது. 'நெட்வொர்க் பேண்ட்', 2.4 கிகாஹெர்ட்ஸா 5 கிகாஹெர்ட்ஸா என்பது. 'புரொட்டகோல்', வைஃபை 4, 5, 6 இவற்றில் எது என்பது. மேக் வைத்திருப்பவர்கள் ஒப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மேலே உள்ள வைஃபை குறியைக் கிளிக் செய்தால் இதே விவரங்கள் வரும்.

லிங்க் ஸ்பீட் எவ்வளவோ அவ்வளவும் கைக்கு வராது. வைஃபையில் ஒரே சனலில், அதாவது அலைவரிசையின் ஒரே துண்டில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் அனுப்ப முடியும். ஏற்றமும் (அப்லோட்) இறக்கமும் (டவுன்லோட்) அந்த ஒரே சனலில்தான் நடக்கின்றன, அனுப்பிய தரவுப் பொட்டலங்களுக்குக் 'கிடைத்தது' என்று பதில் வேறு போக வேண்டும். அதனால் ஏறக்குறைய பாதி, நல்ல நிலைமையில் அதைவிடக் கொஞ்சம் கூட, இவ்வளவுதான் உண்மையான வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அன்டெனா உள்ள மலிவான வைஃபை கார்ட் போட்ட லெப்டொப், 2.4 கிகாஹெர்ட்ஸில் வழக்கமான அகலத்தில் காட்டும் உச்ச லிங்க் ஸ்பீட் 72 மெகாபிட். அந்த வீட்டில் 300 மெகாபிட் பக்கேஜ் போட்டாலும் அந்த லெப்டொப்புக்கு 40, 45 வந்தால் பெரிது.

சிக்னல் பலவீனமானால் லிங்க் ஸ்பீட் தானாக இறங்கும். இணைப்பு அறுந்துபோகாமல் இருக்க அது செய்யும் ஏற்பாடு. வெள்ளவத்தையில் சித்தப்பா வீட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு தொடர்மாடி. ஃபைபர் வாசற்பக்கத்தால் உள்ளே வருவதால், பொருத்த வந்தவர்கள் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ரௌட்டரை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தங்கச்சி உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பது கடைசி அறையில்.

"அண்ணா, போன்ல எல்லாம் நல்லா வருது. லெப்டொப்லதான் சுத்திக்கொண்டே இருக்கு."

"போனை எங்க வச்சுப் பார்த்தனீ?"

"ஹோல்ல."

போனையும் அதே கடைசி அறைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது அதுவும் சுற்றியது. லெப்டொப்பில் கோளாறு இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. லெப்டொப்பை ஹோலில் வைத்தபோது லிங்க் ஸ்பீட் 866. அறைக்குள் வைத்தபோது அது 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கி வெறும் 26. நடுவில் இரண்டு சுவர்கள், ஓர் இரும்பு அலுமாரி, பற்றாததற்கு ரௌட்டருக்கு நேர் முன்னால் டிவியின் உலோகத் தகடு. ஃபைபர் இழையில் மிச்சம் சுருட்டி வைத்திருந்தது போதுமாக இருந்ததால், ரௌட்டரை நடைபாதை தொடங்கும் இடத்தில் உயரமான ஒரு தட்டுக்கு மாற்றினோம். அறைக்குள் 5 கிகாஹெர்ட்ஸில் 195 வந்தது. ஒரு சதமும் செலவில்லை. ஃபைபர் இழையைக் கையாளும்போது மட்டும் கவனம்: அது உள்ளே கண்ணாடி, கூராக மடித்தால் ஒளி வெளியே கசியும் அல்லது இழையே உடையும். பெரிய வளைவாகத்தான் திருப்ப வேண்டும்.

ரௌட்டரை வைக்கும் இடம் பற்றி இதற்கு மேல் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயரமாக, திறந்த இடத்தில், வீட்டின் நடுப்பகுதிக்குக் கிட்ட. அலுமாரிக்குள் வேண்டாம், முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னாலும் மீன் தொட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம். கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், தண்ணீரோ அலையை உறிஞ்சும். கொம்பு போன்ற அன்டெனாக்கள் அலையைத் தம் நுனிப் பக்கமாக அல்லாமல் பக்கவாட்டில் பரப்புகின்றன. ஆகவே ஒரே மாடி வீட்டில் அவை நேராக நிற்பதே நல்லது.

இரண்டு அலைவரிசைகள்

2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் நெரிசல் மிக அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இடம் தாராளம், ஆனால் கொங்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினால் களைத்துவிடும். ரௌட்டரின் வைஃபைப் பெயர் இரண்டாகத் தெரிந்து ஒன்றின் கடைசியில் '5ஜி' என்று இருந்தால் அது இந்த 5 கிகாஹெர்ட்ஸ்தான். மொபைல் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதில் இணைந்தால் மேலதிகக் கட்டணமும் இல்லை. ரௌட்டர் இருக்கும் அறையிலோ பக்கத்து அறையிலோ இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள். உங்கள் லெப்டொப்பில் அந்தப் பெயரே தெரியவில்லை, மற்றவர்கள் போன்களில் தெரிகிறது என்றால் லெப்டொப்பின் கார்ட் 2.4 மட்டும் எடுக்கும் வகையாக இருக்கக்கூடும்.

2.4இன் நெரிசலுக்குக் காரணம் எளிது. அங்கே இருப்பது ஒரு சின்ன இடம், 2400 மெகாஹெர்ட்ஸிலிருந்து ஏறக்குறைய 2483 வரை. அதில் 1 முதல் 13 வரை சனல்கள் இருப்பதாகத் தெரிந்தாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் கிடக்கின்றன. ஒன்றையொன்று தொடாமல் நிற்பவை 1, 6, 11 என்ற மூன்றுதான். பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடியில் நின்று போனில் வைஃபைப் பட்டியலைத் திறந்து பாருங்கள், பெயர்கள் முடியாமல் இறங்கிக்கொண்டே போகும். அத்தனை வீடுகளும் இந்த மூன்றைப் பங்கிட வேண்டும். ஓர் அறையில் பலர் இருந்து, ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் வாய் திறக்கக்கூடாது என்றால் எப்படியோ அப்படித்தான் ஒரே சனலில் உள்ள ரௌட்டர்கள். அடுத்த வீட்டுக்காரர் படம் பார்த்தால் உங்கள் லெப்டொப் காத்திருக்கும், உங்கள் சிக்னல் முழுதாக இருந்தாலும். 3, 4, 9 என்று இடைப்பட்ட சனலை எடுத்தால் தப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது இன்னும் மோசம். அதே சனலில் இருப்பவர்கள் முறை பார்த்துக் காத்திருப்பார்கள். பக்கத்துச் சனலில் பாதி ஏறி நிற்பது மற்றவர்களுக்கு வெறும் இரைச்சலாகிவிடும், உங்களுக்கும் அப்படித்தான்.

இதில் நம்மூருக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. பல ரௌட்டர்கள் இயங்கத் தொடங்கும்போதுதான் சுற்றிலும் பார்த்துத் தமக்கு ஒரு சனலைத் தெரிவு செய்கின்றன. கரண்ட் போய் வந்ததும் தொடர்மாடி முழுவதும் ரௌட்டர்கள் ஒன்றாக எழும்புகின்றன. அந்த நிமிடத்தில் எந்தச் சனலைப் பார்த்தாலும் காலியாகத்தான் தெரியும், பல ரௌட்டர்கள் ஒரே இடத்தில் போய் விழலாம். மின்தடைக்குப் பிறகு வைஃபை சோர்ந்துபோனால், ஒரு மணித்தியாலம் கழித்து ரௌட்டரை மட்டும் அணைத்துப் போட்டுப் பாருங்கள். அல்லது ரௌட்டர் அமைப்புக்குள் போய் 1, 6, 11இல் ஆள் குறைந்த ஒன்றை நீங்களே நிரந்தரமாக வையுங்கள். எது ஆள் குறைந்தது என்று காட்டும் வைஃபை அனலைசர் செயலிகள் அண்ட்ரொய்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. ரௌட்டரின் முகவரி அதன் அடியில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. அதே பக்கத்தில் பாதுகாப்பு முறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். பழைய முறைகளான டபிள்யூஇபி (WEP) அல்லது டிகெஐபி (TKIP) இருந்தால் பாதுகாப்பும் இல்லை, வேகமும் 54 மெகாபிட்டோடு நின்றுவிடும்.

மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. சோறு சூடாக்கும்போது மட்டும் வகுப்பு அறுந்தால் காரணம் அதுதான், 5க்கு மாறினால் தீரும்.

லெப்டொப்பே காரணமாக இருந்தால்

ஒரே இடத்தில் போன் வேகமாகவும் லெப்டொப் மந்தமாகவும் இருந்தால் லெப்டொப்பைப் பார்க்கலாம். முதலில் பின்னணியில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். டாஸ்க் மனேஜரில் நெட்வொர்க் என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் இழுக்கும் செயலி மேலே வரும். விண்டோஸ் அப்டேட், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் இவைதான் பெரும்பாலும். ஏற்றம்தான் இங்கே ஆபத்தானது. 4ஜியிலும் செப்புக் கம்பியிலும் ஏற்ற வேகம் குறைவு. படங்கள் மேகத்துக்கு ஏறிக்கொண்டிருந்தால் அந்தச் சிறிய பாதை அடைத்துவிடும், ஒரு சாதாரணப் பக்கத்தைக் கேட்கும் கோரிக்கைகூட வரிசையில் நிற்கும். பார்ப்பவருக்கு இறக்கம் மந்தம் என்றே தோன்றும்.

பிறகு மின்சேமிப்பு. பற்றரியில் ஓடும்போது சில லெப்டொப்கள் வைஃபை கார்டை அடிக்கடி தூங்க வைக்கும். சார்ஜரைச் செருகியதும் வேகம் கூடினால் இதுதான் காரணம். டிவைஸ் மனேஜரில் வைஃபை அடெப்டரைத் திறந்து, பவர் மனேஜ்மெண்ட் பகுதியில் கணினி இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் அட்வான்ஸ்ட் பகுதியில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு முன்னுரிமை என்ற தெரிவும் பல கார்ட்களில் உண்டு. டிரைவரை லெப்டொப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள், 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருட்கள் பக்கமே போக வேண்டாம்.

பலர் கவனிக்காத ஒன்று: லெப்டொப்பின் வைஃபை அன்டெனாக்கள் பெரும்பாலும் திரையின் ஓரச் சட்டத்துக்குள் இருக்கின்றன. அங்கிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள், வழக்கமாக ஒன்று கறுப்பு மற்றது வெள்ளை, திரை மடங்கும் கீலின் வழியாக இறங்கி வைஃபை கார்டில் குண்டூசித் தலையளவு முனையில் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். கீல் உடைந்து திருத்தக் கொடுத்து வந்தபின், அல்லது திரை மாற்றியபின் வைஃபை திடீரென்று பலவீனமானால், அந்தக் கம்பிகளில் ஒன்று கழன்றிருக்கலாம் அல்லது நசிந்திருக்கலாம். ரௌட்டருக்குப் பக்கத்தில் போனால் நன்றாக வரும், அடுத்த அறைக்குப் போனால் ஒன்றும் வராது, இதுதான் அறிகுறி. திருத்தியவரிடமே திருப்பிக் கொண்டுபோய் இதைச் சொல்லுங்கள், கழன்றது மட்டும் என்றால் சில நிமிட வேலை. மூடிவைத்து வெளித்திரையில் வேலை செய்பவர்களுக்கும் சிக்னல் குறைவது இந்த அன்டெனாக்கள் இருக்கும் இடத்தால்தான். யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் ஒன்று பக்கத்தில் வேலை செய்யும்போது 2.4இல் இரைச்சல் எழுவதும் உண்டு. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள்.

சுற்றுவது எல்லாம் நெட் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், 4 கிகாபைட் நினைவகம், பிரௌசரில் நிறையப் பக்கங்கள் திறந்திருக்கின்றன என்றால் வைஃபை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பக்கம் மெதுவாகத்தான் விரியும். டாஸ்க் மனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் பணத்தை ரௌட்டரில் போடாமல் சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கான ஓர் எஸ்எஸ்டியில் போடுங்கள். பக்கம் தொடங்கத்தான் தாமதம், தொடங்கியதும் மளமளவென்று வருகிறது என்றால் தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையை மாற்றிப் பார்க்கலாம்: 1.1.1.1 அல்லது கூகுளின் 8.8.8.8.

அனெக்ஸ், 4ஜி, ரிப்பீட்டர்

அனெக்ஸில் வாடகைக்கு இருந்து மேல்மாடி வீட்டுக்காரரின் வைஃபையைப் பங்கிடுபவர்களுக்கு ரௌட்டர் கையில் இல்லை. கடையில் விற்கும் ரிப்பீட்டர்தான் அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும். ஒரே அலைவரிசையில் வேலை செய்யும் ரிப்பீட்டர் கேட்டதையே அதே சனலில் திரும்பச் சொல்வதால் வேகம் பாதியாகும். சிக்னல் ஏற்கெனவே தேய்ந்துபோன மூலையில் அதை வைத்தால் தேய்ந்ததையே திரும்பச் சொல்லும். வீட்டுக்காரரோடு பேசி ஒரு லான் கேபிளை இழுத்து, உங்கள் பக்கத்தில் ஓர் அக்சஸ் பொயிண்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வைப்பது எவ்வளவோ மேல். லான் கேபிள் 100 மீற்றர் வரை வேகம் குறையாமல் போகும். யுனிட்டி பிளாசா பக்கம் போனால் கேபிளும் அக்சஸ் பொயிண்ட்டும் ஒரே இடத்தில் வாங்கலாம். அதற்கு வழியில்லை என்றால் மட்டும் இரு அலைவரிசை மெஷ், அதாவது தமக்குள் அலையில் பேசிக்கொண்டு ஒரே வைஃபையைப் பரப்பும் பெட்டிகள்.

4ஜி ரௌட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. கோபுரத்தின் சிக்னலுக்கு அதை யன்னலோரம் வைக்க வேண்டும், வைஃபைக்கோ வீட்டின் நடுவில் வைக்க வேண்டும். யன்னலைத் தெரிவு செய்யுங்கள். உள்ளே வருவது குறைந்தால் பிறகு எதைச் செய்தும் கூட்ட முடியாது. யன்னலில் வந்ததை வீட்டின் நடுவுக்குக் கொண்டுபோக ஒரு லான் கேபிளும் ஓர் அக்சஸ் பொயிண்ட்டும் போதும். இரவு ஏழு மணிக்குப் பிறகு மட்டும் மந்தம், விடியற்காலையில் பறக்கிறது என்றால் அது கோபுரத்தின் நெரிசல். அதற்கு வீட்டுக்குள் மருந்தில்லை.

வெளியே என்றால்

கேபிளிலும் வேகம் வரவில்லையா? முதலில் பக்கேஜின் டேட்டா முடிந்திருக்கிறதா என்று நிறுவனத்தின் செயலியில் பாருங்கள். அளவு தாண்டியதும் வேகத்தை இறக்கும் பக்கேஜ்கள் இங்கே நிறைய. பிறகு கொமாண்ட் புரொம்ப்டைத் திறந்து, பிங் கட்டளையால் முதலில் ரௌட்டரின் முகவரியையும் அடுத்து 8.8.8.8ஐயும் கேட்டுப் பாருங்கள். ரௌட்டரிடமிருந்து சில மில்லிவிநாடிகளில் சீராகப் பதில் வந்து, வெளியிலிருந்து மட்டும் 40, 300, 60, பதிலே இல்லை என்று தாறுமாறாக வந்தால் தடங்கல் வாசலுக்கு அப்பால். உள்ளூர் அளவீட்டில் முழு வேகம் வந்து வெளிநாட்டுத் தளம் மட்டும் இழுத்தால் அதுவும் உங்கள் வைஃபை அல்ல. வேகம் அளக்கும் தளம் பெரும்பாலும் கொழும்பிலேயே உள்ள சேர்வரைத்தான் எடுக்கும். நீங்கள் திறக்கும் தளமோ கடலடிக் கேபிள் வழியாகச் சிங்கப்பூரிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வரலாம். அளவீட்டுத் தளத்தில் சேர்வரைச் சிங்கப்பூருக்கு மாற்றி ஒருமுறை அளந்தால் வித்தியாசம் தெரியும்.

நிறுவனத்துக்கு அழைக்கும்போது 'நெட் ஸ்லோ' என்று மட்டும் சொன்னால், ரௌட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பதிலோடு அழைப்பு முடிந்துவிடும். கேபிளில் அளந்த வேகம், அளந்த நேரம், பிங் விடை இவற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். 'கேபிளில் பார்த்தேன், வைஃபை அல்ல' என்ற ஒரு வசனம் அரைவாசிக் கேள்விகளைத் தவிர்த்துவிடும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் சரிவரவில்லை என்றால் அந்த இலக்கத்தோடும் படங்களோடும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.